எடைப் போட்டி வேண்டாம், எழுந்து நடக்க வழிவிடுங்கள்

அலுவலகக் கட்டடங்களை வடிவமைப்பவர்களுக்கும், வேலை நேர விதிகளை எழுதுபவர்களுக்கும், பணியாளர் நலத் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கும் மனிதவளத் துறையினருக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

ஆண்டு தவறாமல் உங்கள் நலத் திட்டங்களில் மூன்று விஷயங்கள் இடம்பெறுகின்றன: யார் அதிக எடை குறைக்கிறார் என்ற போட்டி, யார் அதிக அடி நடக்கிறார் என்ற போட்டி, உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மேசை. மூன்றுக்கும் பின்னால் இருப்பது நல்ல எண்ணம்தான், சந்தேகமில்லை. ஆனால் முதல் இரண்டும் உடல் எடை இயங்கும் விதத்தோடு ஒட்டாதவை. மூன்றாவது பயனுள்ளதுதான், விற்பவர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. அதே சமயம், எடையோடு நிஜமாகவே தொடர்புள்ள ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. ஒரு பணியாளர் எட்டு மணி நேரத்தில் எத்தனை முறை எழுகிறார், எவ்வளவு தூரம் போய் வருகிறார், படியேறுகிறாரா, மேசைக்கடியில் காலை அசைக்க இடமாவது இருக்கிறதா என்பதுதான் அது. இதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அவருடைய மன உறுதி அல்ல, நீங்கள் வரையும் தளவரைபடமும் எழுதும் விதிகளும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவர் நாளொன்றுக்குச் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 60 விழுக்காடு, உயிரோடு இருப்பதற்கே ஆகிற செலவு: இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம், உடல் வெப்பம். உண்டதைச் செரிக்க இன்னொரு 10 விழுக்காடு போகும். மீதியுள்ளது அசைவு. இந்த மீதியில் ‘உடற்பயிற்சி’ என்று பெயர் சொல்லிச் செய்வது, பலருக்கு மிகச் சிறிய பங்கு அல்லது சுழியம். பெரும்பகுதி நிற்பது, திரும்புவது, நடந்து போய் எதையாவது எடுத்து வருவது, காலாட்டுவது, பேசும்போது கையசைப்பது ஆகியவற்றில் போகிறது. யாரும் கணக்கில் எழுதாத செலவு இது. ஆளுக்கு ஆள் அதிகமாக வேறுபடுவதும் இதுதான்.

எவ்வளவு வேறுபடும் என்பதை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் ஜேம்ஸ் லெவைனும் சக ஆய்வாளர்களும் 1999இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட சோதனை காட்டியது. பருமன் இல்லாத 16 பேருக்கு, எடை மாறாமல் இருக்கத் தேவையானதைவிட நாளுக்கு 1,000 கலோரி அதிகமாக 8 வாரம் உணவு கொடுத்தார்கள். (இந்த மடலில் கலோரி என்றால் உணவுப் பொட்டலங்களில் அச்சிடப்படும் கிலோகலோரி.) எல்லோருக்கும் ஒரே அளவு மிகை உணவு. ஆனால் ஒருவருக்குச் சேர்ந்த கொழுப்பு 0.36 கிலோ, இன்னொருவருக்கு 4.23 கிலோ. இந்த இடைவெளியைப் பெரிதும் விளக்கியது பயிற்சி அல்லாத அசைவில் ஏற்பட்ட மாற்றம். ஒருவருக்கு அந்தச் செலவு நாளுக்கு 692 கலோரி கூடியது. இன்னொருவருக்கு 98 கலோரி குறையவே செய்தது. யாரிடமும் ‘அதிகமாக அசையுங்கள்’ என்று சொல்லவில்லை. தானாக நடந்தது.

அதே குழு 2005இல் ஒல்லியான 10 பேருக்கும் லேசான பருமன் உள்ள 10 பேருக்கும் உணரிகள் தைத்த உள்ளாடை அணிவித்து, 10 நாட்கள், அரை விநாடிக்கு ஒரு முறை உடல் நிலையைப் பதிவு செய்தது. இருபது பேருமே பயிற்சி செய்யும் வழக்கமில்லாதவர்கள். பருமன் உள்ளவர்கள் நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் கூடுதலாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரத்தில் அவர்களும் மற்றவர்களைப் போல நின்றும் நடந்தும் இருந்தால் நாளுக்குச் சுமார் 350 கலோரி கூடுதலாகச் செலவாகியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். இங்கே பலர் தவறவிடும் ஒரு விவரம் உண்டு. பருமனானவர்களை எடை குறைய வைத்தும், ஒல்லியானவர்களை எடை கூட வைத்தும் மறுபடி அளந்தபோது, உட்காரும் நேரம் பெரிதாக மாறவில்லை. எடை கூடியதால் உட்கார்ந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. அசையும் இயல்பு ஆளோடு வருகிறது.

அப்படியானால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று அர்த்தமா? இல்லை. இயல்பு ஆளோடு வரலாம். அது வெளிப்பட இடம் வேண்டுமே. எழுந்து நடக்கத் துடிக்கும் ஆளையும் அழைப்பு மையத்து இருக்கையில் ஹெட்செட் கம்பியோடு கட்டிப்போட்டால் அவர் நாள் முழுக்க உட்கார்ந்துதான் இருப்பார். மாறாக, இயல்பிலேயே எழாதவரும் வேலையின் அமைப்பால் நடக்க நேர்ந்தால் நடப்பார்.

வேலையின் அமைப்பு என்ன செய்யும் என்பதற்குப் பழைய சான்று லண்டன் பேருந்துகள். ஜெரமி மாரிஸும் குழுவினரும் 1953இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டடுக்குப் பேருந்தில் மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு, உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட மாரடைப்பு நோய் குறைவாக இருந்தது. 1956இல் இன்னும் சுவையான ஒன்றைச் செய்தார்கள். சீருடை தைத்துக் கொடுத்த அளவுப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார்கள். எந்த வயதுப் பிரிவை எடுத்தாலும் ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு நடத்துநர்களைவிடப் பெரிதாக இருந்தது. வேலைக்குச் சேரும்போதே ஓட்டுநர்கள் கொஞ்சம் பெருத்தவர்களாக இருந்தார்கள் என்பதும் அதே பதிவேட்டில் தெரிந்தது. ஆகவே இடுப்பளவு முழுவதற்கும் இருக்கையைக் காரணம் காட்டுவது நேர்மை ஆகாது. ஆனால் ஒரே நிறுவனம், ஒரே பேருந்து, ஒரே வழித்தடம். ஒருவர் உட்கார்கிறார், ஒருவர் ஏறி இறங்குகிறார். ஏறி இறங்கியவரை யாரும் ஊக்கப்படுத்தவில்லை, பரிசும் தரவில்லை. வேலையே அப்படி.

இப்போது ஒவ்வொரு அசைவும் எவ்வளவு செலவழிக்கிறது என்பதைப் பார்ப்போம். இங்கேதான் நலத் திட்டங்கள் வழுக்குகின்றன. லெவைன் குழு 2000இல் வெளியிட்ட அளவீட்டின்படி, அசையாமல் படுத்திருப்பதோடு ஒப்பிட்டால், அசையாமல் உட்காருவதில் செலவு 4 விழுக்காடு கூடுகிறது. அசையாமல் நிற்பதில் 13 விழுக்காடு. உட்கார்ந்தபடியே கை, கால் அசைத்துக்கொண்டிருந்தால் 54. நின்றபடி அப்படி அசைந்துகொண்டிருந்தால் 94. மணிக்கு 1.6 கிலோமீட்டர், அதாவது கண்காட்சியில் பார்த்துக்கொண்டே நகரும் வேகத்தில் நடந்தால் 154, மணிக்கு 4.8 கிலோமீட்டரில் 292.

இந்த வரிசையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். சிலை மாதிரி நிற்பவரைவிட உட்கார்ந்து காலாட்டுபவர் அதிகம் செலவழிக்கிறார். நிற்பதா உட்காருவதா என்பதல்ல கேள்வி, அசைகிறாரா இல்லையா என்பதே.

ஆகவே நிற்கும் மேசையைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறோம். 46 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், உட்காருவதற்குப் பதில் நிற்பதால் நிமிடத்துக்கு 0.15 கலோரிதான் கூடுதலாகச் செலவாகிறது என்று கண்டார்கள். 65 கிலோ எடையுள்ளவர் 6 மணி நேரம் நின்றால் 54 கலோரி. யானைப் பசிக்குச் சோளப்பொரி. இங்கிலாந்தில் 756 உள்ளாட்சி அலுவலகப் பணியாளர்களிடம் நடத்தி 2022இல் வெளியான சோதனையில், மேசையும் ஆலோசனையும் சேர்த்துப் பெற்றவர்கள் ஓராண்டுக்குப் பிறகும் நாளுக்கு ஒரு மணி நேரம் குறைவாக உட்கார்ந்தார்கள். எடையில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. மேசை தோற்றுவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை, தவறான நோக்கத்துக்காக வாங்கப்பட்டது என்று வேண்டுமானால் சொல்லலாம். நிற்கும்போது ஆள் இயல்பாகவே ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றுவார், இரண்டடி தள்ளிப் போவார், பக்கத்து மேசைக்குப் போய்ப் பேசிவிட்டு வருவார். மேசையின் மதிப்பு அந்த அடுத்த அடியில்தான்.

படிக்கட்டுக் கணக்கை இயற்பியலிலிருந்தே போடலாம். 70 கிலோ உடலை 3 மீட்டர் உயரத்துக்கு, அதாவது ஒரு தளம், தூக்கினால் ஆகும் வேலை சுமார் 2,060 ஜூல், கிட்டத்தட்ட அரைக் கலோரி. தசைகள் தாம் எரிப்பதில் 20 முதல் 25 விழுக்காட்டைத்தான் வேலையாக மாற்றும், மீதி வெப்பமாகப் போகும். எனவே ஒரு தளம் ஏற 2 முதல் 2.5 கலோரி. இறங்குவதற்கு இதில் ஒரு பகுதிதான். நான்காம் தளத்துக்கு நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கினால் மொத்தம் 25 கலோரி அளவில் வரும். சமதளத்தில் நடந்தால், உட்கார்ந்திருப்பதற்கு மேல் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ அரைக் கலோரி. 40 மீட்டர் தள்ளியிருக்கும் பிரிண்டருக்கு நாளுக்குப் பத்து முறை போய் வந்தால் 800 மீட்டர். 70 கிலோ ஆளுக்கு 28 கலோரி. அரை மணிக்கு ஒரு முறை 2 நிமிடம் நடந்தால் எட்டு மணி நேரத்தில் 32 நிமிடம்; மெதுவான நடை என்றாலும் 70 கலோரியைத் தாண்டும். பிரிண்டர் நடையும் இதற்குள்ளேயே அடங்கிவிடும் என்று வைத்து, படிக்கட்டையும் சேர்த்தால் நாளுக்கு 100 கலோரி. சூயிங்கம் மெல்வதற்குக்கூட மணிக்கு 11 கலோரி ஆகிறது என்று 1999இல் அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். அதை வைத்து யாரும் திட்டம் தீட்டிவிட வேண்டாம்.

இந்த 100 கலோரி என்னவாகும்? உங்களிடம் திட்டம் விற்க வருபவர் ஒரு பெருக்கல் போடுவார். 250 வேலை நாட்கள், 25,000 கலோரி, ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700, ஆண்டுக்கு 3.2 கிலோ. அதே கணக்கில் பத்தாண்டில் 32 கிலோ குறைய வேண்டும். எங்காவது பார்த்திருக்கிறீர்களா? உடல் இளைக்க இளைக்க அதை நடத்தும் செலவும் இறங்கும், அதனால் எடை ஒரு கட்டத்தில் நின்றுவிடும். கெவின் ஹாலும் சக ஆய்வாளர்களும் 2011இல் ‘லான்செட்’ இதழில் தந்த கணக்கு இதை எளிதாக்கியது. நாள்தோறும் நிலைத்து நிற்கும் ஒவ்வொரு 24 கலோரி வித்தியாசத்துக்கும் கடைசியில் ஒரு கிலோ மாறும். அதில் பாதி முதல் ஓராண்டில், ஏறக்குறைய முழுவதும் மூன்றாண்டில். இதோடு ஈடுகட்டலையும் சேர்க்க வேண்டும். அசைவில் கூடும் செலவில் சராசரியாக 28 விழுக்காட்டை உடல் வேறெங்கோ சிக்கனம் பிடித்துக் கழித்துவிடுகிறது என்று 2021இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. 100 என்பது 72 ஆகிறது. வார இறுதியைக் கழித்தால் நாள் சராசரி 51. கடைசி விளைவு 2 கிலோ, அதுவும் மூன்றாண்டு பொறுத்து, பசி கூடாமல் இருந்தால். நடந்துகொண்டே வேலை பார்க்கும் டிரெட்மில் மேசையை 36 பேருக்கு ஓராண்டு கொடுத்துப் பார்த்த 2013 ஆய்வில் சராசரியாகக் குறைந்தது 1.4 கிலோ. தாளில் போட்ட கணக்கும் நடைமுறையும் அதிகம் விலகவில்லை.

ஆக, அன்றாட அசைவு எடையைக் குறைக்கும் மருந்து அல்ல. அது எடை ஏறாமல் தடுக்கும் ஏற்பாடு. இரண்டும் வேறு. நடுவயதில் எடை திடீரென்று ஏறுவதில்லை, ஆண்டுக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ என்று ஓசையில்லாமல் ஏறுகிறது. அந்த ஏற்றத்துக்கு எதிரில் வைத்துப் பார்த்தால் இந்த 2 கிலோ சிறியதல்ல. அமெரிக்காவில் 1960களிலிருந்து ஐம்பதாண்டுகளில் வேலை நேரத்தில் செலவாகும் ஆற்றல் நாளுக்கு 100 கலோரிக்கு மேல் குறைந்திருக்கிறது என்று 2011இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. திருப்பித் தரச் சொல்லிக் கேட்கும் தொகையும் ஏறத்தாழ அதுவே.

எடைப் போட்டியை ஏன் வேண்டாம் என்கிறோம்? மூன்று மாதப் போட்டியில் முதலிடம் பிடிப்பவர் பெரும்பாலும் பட்டினி கிடந்தவர். முதல் வாரத்தில் குறைவதில் நிறைய நீரும் தசையில் சேமித்திருக்கும் சர்க்கரைச் சத்தும்தான். கடைசி எடை பார்க்கும் நாளில் தண்ணீரே குடிக்காமல் வருபவர்களும் உண்டு. இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. உணவைக் கடுமையாகக் குறைத்தால் உடல் முதலில் சிக்கனம் பிடிக்கும் இடங்களில் ஒன்று இந்தச் சின்ன அசைவுகள். ஆள் சோர்ந்து உட்காருவார், லிஃப்டுக்குக் காத்திருப்பார், எழுந்து போகாமல் செய்தி அனுப்பிவிடுவார். போட்டி முடிந்து பழையபடி சாப்பிடத் தொடங்கும்போது எடை திரும்புவதற்கு அந்த மந்தமும் ஒரு காரணம். எந்த அசைவைக் கூட்ட நினைத்தீர்களோ அதையே போட்டி குறைத்துவிடுகிறது. எல்லோர் முன்னிலையிலும் எடை பார்ப்பது எத்தனை பேரைத் திட்டத்திலிருந்தே விரட்டுகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

அடிக்கணக்குப் போட்டியில் வேறு கோளாறு. நாளுக்கு 10,000 காலடி என்ற இலக்கு மருத்துவ ஆய்விலிருந்து பிறக்கவில்லை, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணும் கருவியோடு பரவியது. 15 தொடர் ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான பகுப்பாய்வில், இறப்பு அபாயம் குறைவது 60 வயதுக்குக் கீழே 8,000 முதல் 10,000 அடியிலும், 60க்கு மேலே 6,000 முதல் 8,000 அடியிலும் சமநிலைக்கு வந்துவிடுகிறது. 3,000 அடி நடப்பவர் 5,000 நடப்பதுதான் பெரிய லாபம். உங்கள் பரிசோ ஏற்கெனவே 14,000 நடப்பவருக்குப் போகிறது. மணிக்கட்டுக் கருவி கையசைவை அடியாக எண்ணும், தள்ளுவண்டியைப் பிடித்து நடந்தால் எண்ணத் தவறும், சக்கர நாற்காலியில் இருப்பவரை அடியோடு மறந்துவிடும். அது காட்டும் கலோரியை நம்பிச் சாப்பிடுவது இன்னும் மோசம். ஏழு கருவிகளைச் சோதித்த 2017 ஸ்டான்ஃபோர்ட் ஆய்வில், ஆற்றல் செலவைச் சொல்வதில் மிகத் துல்லியமான கருவிக்கே பிழை 27 விழுக்காடு, மோசமானதற்கு 93.

உடற்பயிற்சிக் கூட உறுப்பினர் கட்டணம் தருவதைக் குறை சொல்ல மாட்டோம். தசைக்கும் இதயத்துக்கும் எலும்புக்கும் பயிற்சி தரும் பலனைப் பிரிண்டர் நடை தராது. ஆனால் காலையில் ஒரு மணி நேரம் வியர்த்துவிட்டு, ‘இன்றைய கடமை முடிந்தது’ என்று மீதி நாளைச் சாய்ந்து கழிக்கும் போக்கு உண்மை. 1992இல் வெளியான கோரான், போல்மன் ஆய்வில், முதியவர்கள் சைக்கிள் பயிற்சி தொடங்கியபோது அவர்களின் மொத்தச் செலவு கூடவே இல்லை. பயிற்சிக்கு வெளியே இருந்த அசைவு 62 விழுக்காடு சுருங்கிவிட்டிருந்தது.

எடை மாறாவிட்டாலும் கிடைக்கும் ஒரு லாபத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கணிப்பில் உங்கள் முதலீட்டுக்கு இதுவே வலுவான காரணம். அதிக எடையுள்ள 19 பேரை 5 மணி நேரம் உட்கார வைத்து 2012இல் செய்த சோதனையில், 20 நிமிடத்துக்கு ஒருமுறை 2 நிமிடம் மெதுவாக நடந்தாலே, உண்டபின் ஏறும் இரத்தச் சர்க்கரையின் மொத்த அளவு 24 விழுக்காடு குறைந்தது. இன்சுலின் 23 விழுக்காடு. 2023இல் வந்த கொலம்பியா பல்கலைக்கழகச் சோதனையில், அரை மணிக்கு 5 நிமிட நடை உண்டபின் வரும் சர்க்கரை ஏற்றத்தைப் பாதிக்கு மேல் தணித்தது. மணிக்கு ஒருமுறை 1 நிமிடம் என்பது சர்க்கரைக்குப் போதவில்லை. அதில் பங்கேற்றவர்கள் 11 பேர்தான், ஆகவே விழுக்காட்டைச் சுவரொட்டியில் போட்டுவிட வேண்டாம். எந்த அளவில் வேலை செய்கிறது, எந்த அளவில் செய்யவில்லை என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனமும் 2020 வழிகாட்டுதலில், குறைந்தது 10 நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை விட்டுவிட்டது.

இனி நாங்கள் கேட்பவை. முதலாவது விதிகள், ஏனென்றால் இதற்குப் பணமே தேவையில்லை. இருக்கையை விட்டு எழுந்த நிமிடங்களை இடைவேளையில் கழிக்கும் முறை உங்கள் அழைப்பு மையங்களிலும் தரவுப் பதிவுப் பிரிவுகளிலும் இருந்தால், அதை எடுத்துவிடுங்கள். அரை மணிக்கு 2 முதல் 3 நிமிடம் கணக்கில் வராத நேரம் என்று எழுத்தில் வையுங்கள். வாய்மொழி அனுமதி மேலாளர் மாறினால் போய்விடும். மணியடித்து எல்லோரையும் ஒரே நேரத்தில் எழுப்பும் மென்பொருள் வேண்டாம். வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருப்பவருக்கு அது எரிச்சல். இரண்டு வாரத்தில் அணைத்துவிடுவார்கள். கூட்டங்களை 60 நிமிடத்துக்குப் பதில் 50, 30க்குப் பதில் 25 என்று நாட்காட்டியிலேயே இயல்பு அமைப்பாக மாற்றுங்கள். அடுத்த கூட்டத்துக்கு நடந்து போகும் நேரம் அதிலிருந்து கிடைக்கும். நடந்துகொண்டே பேசும் கூட்டம் இரண்டு மூன்று பேருக்குத்தான் சரிவரும். நான்காவது ஆள் பின்னால் தனியாக வருவார், பேச்சு காதில் விழாது. ஆவணம் பார்க்க வேண்டிய கூட்டத்துக்கு அது ஒத்துவராது.

அடுத்தது படிக்கட்டு. பல கட்டடங்களில் படி இருக்கிறது, தெரிவதில்லை. லிஃப்ட் வாசலுக்கு நேரெதிரே பளபளவென்று நிற்கும். படி, கனமான கதவுக்குப் பின்னால், ஒற்றை விளக்கில், பழைய நாற்காலிகள் அடுக்கிய மூலையில் இருக்கும். அந்தக் கதவைத் திறந்து நாலு தளம் ஏறிப் போனால், மேலே கதவு உள்ளிருந்து மட்டுமே திறக்கும். மறுபடி கீழே இறங்க வேண்டும். ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டவர் இரண்டாம் முறை படிப் பக்கம் வர மாட்டார். ஆகவே, எல்லாத் தளங்களிலும் படிக்கட்டுப் பக்கமிருந்து அடையாள அட்டையில் திறக்கும் பூட்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் விளக்கு, இருபுறமும் கைப்பிடி, தளத்தின் எண் பெரிதாக. தீத்தடுப்புக் கதவை முட்டுக் கொடுத்துத் திறந்து வைக்கக் கூடாது. திறந்தே இருக்க வேண்டுமென்றால், தீ எச்சரிக்கை ஒலித்ததும் தானே மூடிக்கொள்ளும் காந்தப் பிடிப்பான் போடுங்கள். ‘படி இந்தப் பக்கம்’ என்ற பலகை லிஃப்ட் பொத்தானுக்குப் பக்கத்தில், ஆள் முடிவெடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும். உணவகச் சுவரில் இருந்து பயனில்லை. லிஃப்டை மெதுவாக்குவது, பாதியை நிறுத்தி வைப்பது போன்ற தந்திரங்கள் வேண்டாம். முழங்கால் வலிக்காரரும் கர்ப்பிணியும்தான் அதில் அவதிப்படுவார்கள்.

தளத்துக்குள்ளே, ஒவ்வொரு மேசைக்கும் ஒரு குப்பைக் கூடை, ஒவ்வொரு நான்கு பேருக்கும் ஒரு பிரிண்டர் என்று வைக்காமல், இரண்டையும் தளத்தின் நடுவிலோ ஒரு முனையிலோ சேர்த்து வையுங்கள். 30 முதல் 40 மீட்டர் பொருத்தமான தூரம். அதற்கு மேல் போனால் ஆட்கள் வேலையைச் சேர்த்து வைத்து ஒரே தடவையாகப் போவார்கள், நடை கூடாமல் குறையும். குடிநீரை மட்டும் தூரத்தில் வைக்காதீர்கள். தூரமாக வைத்தால் சிலர் எழுவதற்குப் பதில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

பிறகு மேசைக்கடி. குனிந்து பார்த்தால் பல அலுவலகங்களில் கணினிப் பெட்டி, கம்பிச் சுருள், இழுப்பறை, அட்டைப் பெட்டி எல்லாம் முழங்காலுக்கு முன்னால் நிற்கும். காலை நீட்டவும் ஆட்டவும் இடமில்லை. கணினிப் பெட்டியைப் பக்கவாட்டில் தொங்கவிடும் தாங்கி போதும், அந்த இடம் திரும்பக் கிடைத்துவிடும். காலாட்டுவது இரத்தக் குழாய்க்கும் உதவுகிறது. இளைஞர்களை 3 மணி நேரம் உட்கார வைத்து, ஒரு காலை மட்டும் 1 நிமிடம் ஆட்டி 4 நிமிடம் நிறுத்தச் சொன்ன 2016 சோதனையில், ஆட்டாத காலில் முழங்கால் பின்புறத் தமனியின் விரியும் திறன் குறைந்தது. ஆட்டிய காலில் கூடியது. ஒரே ஆள், ஒரே நாற்காலி. கூட்டத்தில் காலாட்டுபவரை மரியாதை தெரியாதவர் என்று முறைக்கும் மேலாளர்களுக்கு இதைக் காட்டலாம்.

உயரம் மாற்றும் மேசை வாங்குவதென்று முடிவாகிவிட்டால், அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கவும் ஆள் வையுங்கள். நிற்கும்போது முழங்கை செங்கோணத்தில் மடிந்து விசைப்பலகை அதே உயரத்தில் இருக்க வேண்டும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில். மடிக்கணினியை அப்படியே வைத்தால் கழுத்து வளையும், தனி விசைப்பலகை தேவை. முதல் வாரத்தில் ஒரு தடவைக்கு 15, 20 நிமிடம் போதும். நாளுக்கு மொத்தம் 2 மணி நேரத்தில் தொடங்கிப் படிப்படியாக 4 மணி நேரம் என்று 2015இல் ஒரு நிபுணர் குழு பரிந்துரைத்தது. அதில் நிற்பதோடு மெல்ல நடப்பதும் அடக்கம். முதல் நாளே ஆறு மணி நேரம் நின்றவருக்கு இடுப்பும் குதிகாலும் வலித்து, மேசை நிரந்தரமாகக் கீழே இறங்கிவிடும். இப்படி இறங்கிய மேசைகள்தான் அதிகம்.

நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர்களுக்கு இந்த மடலைக் காட்டி நாற்காலி மறுக்க வேண்டாம். காவலர், விற்பனைப் பிரிவினர், தொழிற்கூடத்தில் ஒரே இடத்தில் நிற்பவர்: இவர்களுக்கு வேண்டியது நேரெதிர். அசையாமல் நெடுநேரம் நிற்பது கால் நரம்புச் சுருட்டலுக்கும் முதுகு வலிக்கும் இட்டுச்செல்லும். அவர்களுக்கு உட்கார இடமும், அவ்வப்போது நடந்து வர மாற்று ஆளும் தேவை.

பலன் கிடைத்ததா என்று எப்படிப் பார்ப்பது? எடையைப் பார்க்காதீர்கள். ஓராண்டில் வரக்கூடிய ஒரு கிலோ மாற்றத்தை, உணவாலும் நீராலும் ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்கும் உடலில் பிரித்துப் பார்க்க முடியாது. பணம் இருந்தால், தொடையில் ஒட்டும் உணரியை விருப்பமுள்ளவர்களுக்கு ஒரு வாரம் கொடுங்கள். தொடை கிடையாக இருந்தால் உட்கார்ந்திருக்கிறார், செங்குத்தாக இருந்தால் நிற்கிறார் என்று அது பிரித்தறியும். மணிக்கட்டுக் கருவிக்கு அது முடியாது. தரவு பெயரில்லாமல், மேலாளர் கைக்குப் போகாமல் இருக்க வேண்டும். பணம் இல்லையென்றால், படிக்கட்டு வாசலில் ஓர் ஆள், லிஃப்ட் வாசலில் ஓர் ஆள், காலை வேலை தொடங்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் எண்ணட்டும். மாற்றம் செய்வதற்கு முந்திய வாரத்தில் மூன்று நாள், செய்தபின் முதல் மாதத்தில் மூன்று நாள், பிறகு ஆறாம் மாதத்தில் மூன்று நாள், அதே கிழமைகளில். முதல் மாத எண்ணிக்கை எப்போதுமே அழகாக இருக்கும். ஆறாம் மாத எண்ணிக்கையை வைத்து முடிவெடுங்கள். அது விழுந்திருந்தால் முதலில் கதவுப் பூட்டையும் விளக்கையும் போய்ப் பாருங்கள்.

இப்படிக்கு,
உடலியக்கம், ஊட்டச்சத்து, பணியிட அமைப்பு ஆகிய துறைகளில் பணியாற்றும் சிலர்